வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்பு வரி

எனக்கு வாய்த்த முதல் உத்தியோகம் பாம்பனில் ஒரு வலைக் கடையில். மில்லிலிருந்து பஞ்சு நூல் கட்டுக்கட்டாக வரும். அதை எடை போட்டுப் பெண்களிடம் கொடுப்போம். அவர்கள் வீட்டில் வைத்து வலையாகப் பின்னித் திருப்பிக் கொண்டுவருவார்கள். எத்தனை ராத்தல் நூல் போனது, எத்தனை ராத்தல் வலை வந்தது, மிச்சம் விழுந்த துண்டு நூல் எவ்வளவு என்று வரவுப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. கிலோவெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை.

நான் நயினார்கோவில் பக்கத்து மிளகாய்க்காரன். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கையெழுத்து மணிமணியாக இருக்கும், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மேசையில் இரண்டு மைக்கூடுகள் வைத்திருந்தேன். கணக்கு சரியாக இருந்தால் நீலம், குறைந்தால் சிவப்பு. பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தவர்களுக்கு மறுபடி நூல் கிடையாது. இது முதலாளி போட்ட சட்டம். அதை முதலாளியைவிட நான்தான் கறாராகக் காத்துவந்தேன்.

பங்குனி மாதம் ஒரு காலையில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். வலையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே அவள் கொழுந்தன். கரைவலைக்கான பெரிய துண்டு, பின்னி முடிக்க நாலு மாதம் ஆகியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணெல்லாம் ஒரே அளவு. துண்டு நூலைக்கூட ஒரு பொட்டலமாகக் கட்டி வந்திருந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்தேன். இருபது ராத்தல் கொடுத்த இடத்தில் முக்கால் ராத்தல் குறைந்தது.

நான் சிவப்பு மையைத் தொட்டேன். ‘குறைவு, முக்கால் ராத்தல்’ என்று அழகாக எழுதினேன்.

“என்னண்ணே எழுதுறீக?”

சொன்னேன். வாசலில் நூலுக்காக நின்ற பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. முக்கால் ராத்தல் நூலைத் திருடியவள் என்று நான் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன் என்பது அந்த மௌனத்தில்தான் எனக்கு உறைத்தது. அவள் அழவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“ஏண்ணே, மிளகா வெள்ளாமைக்காரவுகதான நீங்க?”

“ஆமா, அதுக்கென்ன?”

“காயப் போட்ட மிளகா எடை குறையுமா, குறையாதா? நீங்க நூலு குடுத்தது கார்த்திகை அடைமழையில. அன்னைக்கு இங்கன சுவரே வேர்த்துக் கெடந்துச்சு. இப்ப வெயில் என்ன போடு போடுது! ஈரத்தையும் சேத்து எடை போட்டுக் குடுத்துட்டு, அதை எங்கிட்ட கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

எனக்குச் சுருக்கென்றது. மிளகாய் வியாபாரி ‘ஈரம்’ என்று சொல்லி எடையைக் கழிக்கும்போதெல்லாம் அவனோடு மல்லுக்கு நிற்கும் அய்யாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். இருந்தாலும் வீம்பு விடவில்லை. “பஞ்சு நூல் எப்படி அவ்வளவு குறையும்?” என்றேன்.

“அன்னைக்கு மிஞ்சுன கட்டு உள்ளதான கெடக்கு? எடுத்து நிறுங்க.”

கிடங்குச் சாவி என் அரைஞாணில்தான் தொங்கியது. மூலையில் இரண்டு கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் என் மணிமணியான கையெழுத்தில் சீட்டு: இருபது ராத்தல், கார்த்திகைத் தேதியோடு. ஒன்றைத் தராசில் ஏற்றினேன். படிக்கல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு பலம் எடை முன்னேபின்னே இருக்கலாம், அதே முக்கால் ராத்தல் குறைந்தது.

சத்தம் கேட்டு வந்த முதலாளி சீட்டையும் பார்த்தார், தராசையும் பார்த்தார், என் இடுப்புச் சாவியையும் பார்த்தார்.

“யா அல்லா! பூட்டுக்குள்ள கெடந்த நூலை யாரு தம்பி களவாண்டது?”

வாசலே சிரித்தது. இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. மானம் போகும்போது அத்தனை சிரிப்பு வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றே ஒரு கழி, அதாவது ஒரு சுருள் நூலைத் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம். நூல் போகும்போதும் வலை வரும்போதும் அந்தக் கழியையும் நிறுத்து, அது கூடிக் குறைந்ததை வைத்து ஈரத்துக்கான கணக்கைத் தனியாக எழுதினேன். பெண்கள் அதற்கு ‘கணக்கப்பிள்ளை கழி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று சிரிப்பு அடங்கிய பின்னும் அவள் மட்டும் நகராமல் நின்றாள். “அந்தச் செவப்பு எழுத்து?”

புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. அதனால் அந்த வரிக்குக் கீழே நீல மையில் எழுதினேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க.”

“குறைவு ஏதும் இல்லை. எடை பார்த்தவன் தவறு” என்று வாசித்தேன்.

“இன்னொரு தடவை வாசிங்கண்ணே. அங்கன நிக்கிறவுகளுக்கும் கேக்கணும்.”

எழுந்து நின்று உரக்க வாசித்தேன். அதுவரை கலங்காமல் நின்றவள் அப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வாசிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானாகவே வாசித்தேன்.