பிரமிட்டின் அடியில் கழற்றி வைத்த சப்பாத்து

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்ணில் ஆராய்ச்சி மாணவன். கிளேட்டனில் ஒரு அறையும் குசினியுமாக வாடகை வீடு. மனைவி மங்கை எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த ஆவணியில் சோளப் பயிர் நோய்களைப் பற்றி அறிந்து வரச் சொல்லி, என்னையும் ஆய்வுகூட நண்பன் முருகேசனையும் பேராசிரியர் பத்து நாள் மெக்சிக்கோவுக்கு அனுப்பினார். கடைசி நாள் வேலை இல்லை, விமானம் இரவு 8.40க்குத்தான். பிரமிட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னவன் நான்தான். ஆகவே யாரையும் நோக வழியில்லை.

என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அதோடு, அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி வரலாம் என்று அனுமதி தரும் ஒற்றைத் தாள் ஒன்றும் இருந்தது. அது தொலைந்தால் புதிதாக எழுதி வாங்கக் கிழமைக்கணக்காகும். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். கிளேட்டனில் மங்கைக்குத் துணை என்று காக்கா குருவி கூட இல்லை. பஸ்ஸில் பிக்பொக்கற் அதிகம் என்று விடுதிக்காரி பயமுறுத்தியதால், கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்தினேன். தாளை நாலாக மடித்து வலது சப்பாத்தின் உள்தோலுக்கு அடியில் செருகினேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

காலை 7.15க்கு நகரின் வடக்குப் பேருந்து நிலையத்தில் பஸ். ஆளுக்கு ஆறு பேசோ, ஐம்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். பிரமிட்டுகள் நிற்கும் தியோத்திவாக்கானின் வாசலில் ஒரு பெண் அடுப்பு மூட்டியிருந்தாள். நீலச் சோளமாவைத் தட்டி, உள்ளே அவரைக்கொட்டை மசியல் வைத்து, கல்லில் சுட்டு, மேலே நறுக்கிய கள்ளியைத் தூவித் தருகிறாள். கள்ளியா என்று முகம் சுளிக்க வேண்டாம், வெண்டிக்காய் போல வழுவழுப்பாக நன்றாகவே இருக்கும். நான் சைவம் என்பதால் அது வரப்பிரசாதம். ஒன்றின் விலை இரண்டு பேசோ. கூடவே பச்சை மிளகாய் வைத்தாள். யாழ்ப்பாணத்தான் மிளகாய்க்குப் பயப்படுவானா? ஐந்தை முழுதாகக் கடித்தேன். கண்ணும் மூக்கும் ஒழுக நின்ற என்னைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பதினொரு மணிக்குச் சூரியப் பிரமிட். ஏறக்குறைய 250 படிகள், ஏணி மாதிரிச் செங்குத்து. உச்சியில் ஒரு காலத்தில் கோயில் இருந்தது என்று காலையில்தான் பலகையில் பார்த்திருந்தேன். அவ்வளவு போதும் என் காலுக்கு. மூளையைக் கேளாமலே சப்பாத்தைக் கழற்றி, முதற்படியருகே சோடியாக வைத்துவிட்டு ஏறத் தொடங்கிவிட்டேன்.

“என்னப்பா, இங்க அர்ச்சனையா பண்ணப் போற?” என்றான் மதுரைக்காரன் முருகேசன். அவன் சப்பாத்தோடுதான் ஏறினான்.

உச்சியில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் நினைவு வந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே காக்கித் தொப்பிக்காரர் ஒருவர் குனிந்து என் சப்பாத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். கத்தினேன், காற்றுக்குத்தான் கேட்டது.

“மச்சான், தாள் அதுக்குள்ள கிடக்கு!”

“எந்தத் தாளு?” என்றவனின் முகம் மறுகணமே மாறிவிட்டது. “ஐயோ! இறங்கு, இறங்கு. பாத்து, விழுந்து தொலைக்காத.”

உச்சி வெயிலில் கல் தோசைக்கல்லாகிவிட்டிருந்தது. பாதம் பொரியப் பொரிய இறங்கினேன். அவர் போன திசையில் ஒரு கிலோமீற்றர் ஓடினால் காவல் அறை. பூட்டு. பகல் சாப்பாடு முடிந்து 1.30க்குத்தான் திறக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கையால் காட்டினார். ஒன்றேகால் மணி நேரம் அந்தக் கதவைப் பார்த்தபடி இருந்தேன். மங்கை தனியாக ஆஸ்பத்திரிக்கு டாக்சி கூப்பிடுவது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அப்படிப் பயந்த நாள் என் வாழ்க்கையில் வேறில்லை.

காவலாளி வந்தார். சப்பாத்து மேசைக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் தரவில்லை. போட்டுக் காட்டு என்று சைகை செய்தார். கொப்புளம் போட்டு வீங்கிய கால் பாதிக்கு மேல் போகவில்லை. உள்தோலைத் தூக்கித் தாளைக் காட்டுவதற்குள் அவர் தலையை ஆட்டிச் சப்பாத்தைப் பறித்துக்கொண்டார். சத்தம் போட எனக்கு ஸ்பானிஷும் இல்லை, தைரியமும் இல்லை.

“இருப்பா, வர்றேன்” என்று முருகேசன் வெளியே ஓடினான். இருபது நிமிடத்தில் அந்த அடுப்புக்காரியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். காலையில் என் காலில் அதே சப்பாத்து கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். என்னைச் சுட்டிக்காட்டி, சப்பாத்தைத் தொட்டு, ஐந்து விரலைக் காட்டி, மிளகாய் கடித்து அழுவது போல நடித்தாள். காவலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சப்பாத்தை நீட்டினார். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தாள் இருந்தது. ஆனால் வியர்வையில் நனைந்து, அதிகாரியின் கையொப்பம் நீலமாகப் பரவிப் போயிருந்தது. 2.15 பஸ்ஸைப் பிடித்தோம். லொஸ் ஏஞ்சலிஸ், சிட்னி, மெல்பேர்ண் என்று வழி நெடுக நான் கண்ணை மூடவில்லை. சிட்னியில் கடவுச்சீட்டைப் பார்த்த இளைஞன் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். தாளைக் கேட்கவே இல்லை. நானே நீட்டினேன். விரிக்காமலே திருப்பித் தந்தான். எனக்கு வந்த கோபத்தில், விரித்து வாசியடா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கே கிளம்புங்கள், பத்துக்குமுன் ஏறி இறங்கிவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். வாசலில் சாப்பிடுங்கள், சாப்பாடு தருபவரின் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். முக்கியமான தாளை உடம்பில் கழற்றாத இடத்தில் வையுங்கள்.

மூன்று கிழமை கழித்து மகள் பிறந்தாள். நான் பிரசவ அறைக்கு வெளியே கதிரையில் இருந்தேன், கொப்புளம் அப்போதும் முழுதாக ஆறவில்லை. கால் என்னவென்று மங்கை கேட்டதற்கு, புதுச் சப்பாத்து கடித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். இத்தனை வருடமும் அதுதான் கதை. மங்கை, இதை வாசிச்சுப்போட்டு ஏசாதையும்.