மூப்பர் முடிக்கும் முன் ஒரு ஆமென்

சிகிச்சை முடிந்து போடிக்குத் திரும்பிய என் கணவர், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வரச் சம்மதித்தார். குடியை நிறுத்திய பிறகு அவர் வரப்போகும் முதல் ஜெபம். ஒரே நிபந்தனை போட்டார்.

"என் குடியைப் பத்தி ஒருத்தரும் பேசக் கூடாது. பேசுனா எந்திரிச்சுப் போயிருவேன். எங்கன போவேன்னு ஒனக்கே தெரியும்."

தெரியும். ஜெபம் நடக்கும் வீட்டுத் தெருமுனையிலேயே பிராந்திக் கடை.

நான் நேராகச் சபை மூப்பரின் ஏலக்காய்க் கடைக்குப் போனேன். ஜெபம் நடப்பதும் அவர் வீட்டில்தான்.

"அண்ணே, அவுகளைக் கூட்டிட்டு வாரேன். யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

"நாங்க எதுக்குக் கேக்கப் போறோம் தங்கச்சி? தாராளமா வரச் சொல்லு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆண்டவரிடம் சொன்னார்.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. வட்டமாக முழங்காலில் நின்று, ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். ஆமென் வரும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததை எல்லாம் அங்கே சொல்லிவிடுவார்கள். மருமகள் சமைப்பதில்லை என்று மாமியார் ஆண்டவரிடம் முறையிடுவார். மருமகள் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். புறணி என்று சொன்னால் கோபம் வரும். பாரத்தோடு ஜெபிக்கிறார்களாம்.

ஆனால் இதே பெண்கள்தான் என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் ஜெபம் என்று எனக்குத் தோன்றியது. அதை நம்பித்தான் அவரைக் கூட்டி வந்தேன்.

மூப்பர் தொடங்கினார்.

"பரலோகப் பிதாவே, எங்கள் மத்தியில் வந்திருக்கிற இந்த மகனைப் பாரும். குடியினால் தொழிலை இழந்து, தெருவிலே விழுந்து கிடந்து, மனைவியைக் கண்ணீர் சிந்த வைத்த இந்தப் பாவியை..."

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

நான் கண்ணைத் திறந்தேன். என் கணவரின் கண் ஏற்கெனவே திறந்திருந்தது. கையில் வண்டிச் சாவி. ஒரு காலை ஊன்றி எழப் போனார். மூப்பர் தொடங்கினால் லேசில் முடிக்கிற ஆள் இல்லை. அடுத்து வாந்தி எடுத்த கதை வரும், போலீஸ் வந்த கதை வரும்.

"ஆமென்!" என்று கத்தினேன்.

பழக்கதோஷத்தில் அறை முழுவதும் "ஆமென்" என்றது. மூப்பர் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் இன்னும் முடிக்கலையே?"

"ஆண்டவருக்கு அதுக்குள்ள வெளங்கிருச்சுண்ணே. அடுத்த ஆளு ஜெபிக்கட்டும்."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள்.

அடுத்த ஆள் என் கணவர். சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. பக்கத்து அறை மூட்டைகளிலிருந்து வந்த ஏலக்காய் வாசனை நெஞ்சை அடைத்தது. ஊன்றிய காலை அவர் இன்னும் மடக்கவில்லை. எழுந்துவிட்டால் என்னால் பிடித்து நிறுத்த முடியாது.

"ஆண்டவரே" என்றார். "எனக்குச் சரியா ஜெபிக்கத் தெரியாது. ரொம்ப அவமானமா இருக்கு. இந்த முக்குக் கடையைத் தாண்டி வீட்டுக்குப் போகணும். கூட வாங்க. ஆமென்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து என் முறை. என் கணவர் சொன்னதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு ஆமென் சொல்லி அடுத்தவருக்கு விட்டேன்.

டீ குடிக்கச் சொன்னார்கள். நாங்கள் நிற்கவில்லை. தெருமுனையில், பிராந்திக் கடைக்கு நேரே, வண்டி நின்றது. நான் அவர் தோளைப் பிடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. எதிரே வந்த லாரி கடந்து போனது. அதற்காகத்தான் நின்றிருக்கிறார். பிறகு வீட்டுப் பக்கம் திருப்பினார்.