வலம் வந்த விமானி

அதிகாலை நாலரை மணிக்கு ஹுன்னஸ்கிரியவில் நான் முதலில் பார்த்தது, வேனின் முன்சக்கரத்தடியில் அக்கா வைத்துக்கொண்டிருந்த எலுமிச்சம்பழம். சாரதி நசீர் திகனைக்காரர். டோர்ச் அடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். “நீங்க பழத்த வைங்கக்கா, நான் பிஸ்மி சொல்லிக்கிறேன். ரெண்டு பக்கமும் பாதுகாப்பு” என்றார். லண்டனில் நான் பல வருடங்களாக பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அங்கே சாரதி வந்து உட்காருகிறார், கதவு மூடுகிறது, பஸ் போகிறது. யாரும் எதையும் கும்பிடுவதில்லை. ஆரம்பத்தில், ஏதோ ஒரு வேலையை மறந்துவிட்டுக் கிளம்பியதுபோல இருந்தது.

அக்காவை அழைத்துப்போகத்தான் வந்திருந்தேன். அவளுடைய ஒரே மகள் லண்டனில் ஆஸ்பத்திரித் தாதி. தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. மருமகனுக்கு இரவு வேலை. போன மாதம் அக்கா தனியாகக் கட்டுநாயக்க விமான நிலையம் வரை போனாள். விமானத்துக்குள் போகும் வாசலில் நின்று, மாட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அவளுடைய பெட்டியைத் தேடி இறக்கியதில் விமானம் தாமதமானது. “இந்த வாட்டியும் அம்மா வரலைன்னா நான் தனியாத்தான் மாமா பெத்துக்கணும்” என்று மகள் என்னிடம் சொன்னாள்.

கொழும்பில் பத்திரிகையில் இருந்த காலத்தில் விமானப் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வேனில் அதைத் திரும்பச் சொன்னேன். காற்றில் இறக்கை வளைவது முறிவதற்கல்ல, முறியாமல் இருப்பதற்கு. முக்கியமான கருவிகளுக்கெல்லாம் மாற்று உண்டு. ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்துப் பறந்து இறங்கிவிடலாம்.

“ஒண்ணு போதும்னா எதுக்கு ரெண்டு வச்சான்?” என்றாள் அக்கா. “அது நிக்கும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு.”

திகனைக்கு முன்னால் ஒரு வளைவில், நசீர் ஒரு கையில் போனைப் பிடித்தபடி லொறியை முந்தினார். எதிரே பஸ் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் லொறிக்கு முன்னால் இருந்தோம், அக்கா தூங்கிப்போயிருந்தாள். குண்டசாலை தாண்டியும் எழவில்லை.

விமான நிலையத்தில் அதே மாதிரி ஒரு வாசல். பயணிகளை அழைக்கத் தொடங்கியதும் அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “தம்பி, நீ போ. நசீர் இன்னும் போயிருக்க மாட்டாரு.” நான் சொல்ல வேண்டியதையெல்லாம் வேனிலேயே சொல்லி முடித்திருந்தேன். அவள் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தாள்.

“அது யாரு?”

மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் விமானத்தின் மூக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பைலட்டுக்கா. ஒவ்வொரு தடவையும் கெளம்புறதுக்கு முன்னால அவங்கள்ல ஒருத்தர் எறங்கிப் பார்ப்பாரு.”

அவர் வலது இறக்கைப் பக்கம் போனார். எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார், சக்கரத்தருகே குனிந்தார், வாலைச் சுற்றி மறுபக்கம் வந்தார்.

“வலமாத்தான் சுத்துறாரு” என்றாள் அக்கா.

“அது சோதனைக்கா. டயரு, பிரேக்கு, எங்கயாவது எண்ணெ கசியுதான்னு.”

“அதத்தான்டா நானும் சொல்றேன்.”

அவர் சுற்றி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் நடந்தாள்.

கடலுக்கு மேலே விமானம் குலுங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை ஆங்கிலேயர், காரில் போவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு என்று அவளிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அவரு நம்ம ரோட்டுல வந்திருக்காராடா?”

என்ன சொல்கிறாள் என்று அவர் ஆவலாகக் கேட்டார். ஒத்துக்கொள்கிறாள் என்றேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அக்கா கைகூப்பினாள்.

குலுக்கல் அடங்கிய பிறகு, முன்னாலிருந்த திரையில் சின்ன விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். நான் விமானத்தின் மூக்கு காட்டிய திசையைக் காட்டினேன். அவள் வால் பக்கத்தில் விரலை வைத்தாள். “வீட்டக் கேட்டேன்டா” என்றாள்.

குழந்தை வியாழக்கிழமை பிறந்தது. அக்கா பக்கத்தில் இருந்தாள்.