அரண்மனைச் சுவரும் என் வாசலும்

பொருள் தெரியாத எழுத்து தலைகீழாக நின்றால் ஏதாவது குறையுமா? எனக்குத் தெரியாது.

போன மாதம் ஸ்பெயினில், ஒரு கிறிஸ்தவ மன்னன் முஸ்லிம் கொத்தர்களை வைத்துக் கட்டிய பழைய அரண்மனையைப் பார்த்தேன். வெயில் நகர நகர, ஒரு சுவரின் கொடிவேலைப்பாடு தண்ணீர்போல அசைந்தது. அங்கிருந்து கிளம்ப மனமே வரவில்லை.

அந்தச் சுவரைப் போனில் எடுத்த படத்தை ஓடுகளில் அச்சடித்து, சிம்பாங் அம்பாட்டில் என் புதுவீட்டு வாசலுக்கு மேல் பதித்தாயிற்று.

நேற்று ஜெலுத்தோங்கில், நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையின் காதர் அண்ணனிடம் வாசல் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியவர், போனைத் தலைகீழாகத் திருப்பினார்.

“அக்கா, இது பூ இல்ல, அரபு எழுத்து. ‘பரக்கத்’. பெருகட்டும்னு அர்த்தம். தலைகீழா ஒட்டியிருக்காங்க!”

“டிசைன்தானே அண்ணே. நான் இதெல்லாம் நம்புறதில்ல.”

“நம்பாட்டி போங்க. வாசல் உங்களோடதுலா.”

இன்று காலை, ஓடு பதித்த சீன அங்கிள் உளியோடு வந்தார். “அழகாத்தானே இருக்கு?” என்று மலாயில் முணுமுணுத்தபடியே ஓடுகளைப் பெயர்த்துத் திருப்பிப் பதித்தார். அவர் முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

காதர் அண்ணனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.