பைப்பில் கட்டிய பச்சை ஒயர்

நான் பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்கு இல்லை, கம்ப்யூட்டர் "நிச்சயமாகவா?" என்று கேட்டால் நடுங்கிவிடுவேன். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாதாமாதம் வைரஸ் பிடித்துப் படுத்துக்கொண்ட வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட உட்கார்ந்த அன்று, பழையதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. எங்கள் கல்யாணப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. சிடியில் எடுத்து வைத்திருந்தேன். இருந்தும் கண்ணை இறுக மூடி, கர்த்தாவே என்று சொல்லித்தான் என்டரை அழுத்தினேன்.

எல்லாம் சபைப் பாடகர் குழுவுக்காக. கிட்டார் வாசிப்பவள் நான் ஒருத்திதான். நான் வராத நாளிலும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடக்கட்டும், கிட்டாரை மட்டும் பதிவு செய்து சிடி போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சென்னையில் இருந்த என் தம்பி அதற்கென்று ஒரு டப்பா வாங்கி அனுப்பினான். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் கிட்டார் ஒயர் சொருக வேண்டும், மறுபக்கம் கம்ப்யூட்டர் ஒயர். கூடவே வந்த சிடி விண்டோஸுக்கு மட்டும். லினக்ஸ்காரி எப்படியோ போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

டப்பாவில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர் தன்னோடு கூடப்பிறந்த சவுண்டு கார்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, என் டப்பாவை இல்லை. டப்பாவின் பெயரை ஒரு கோப்பில் எழுதி, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் சத்தம் வந்தது, படபடவென்று வெடித்துக்கொண்டு. கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு வாங்கிக்கொள்ளும் சத்தத்தின் அளவைக் கூட்டினால் வெடிப்பு நின்றது. ஆனால் நான் தட்டிய தந்தி கொஞ்சம் கழித்துத்தான் காதில் விழுந்தது. குறைத்தால் மறுபடி வெடிப்பு.

"இந்த டப்பாவோட குடும்பம் நடத்துறதுக்கு என்னை எதுக்குக் கட்டிக்கினே?" என்றார் என் கணவர். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அங்கே ஐம்பது பேரை மிரட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் கிண்டல்.

மற்ற வேலையெல்லாம் அப்புறம், சத்தம்தான் முதல் என்று இன்னொரு கோப்பில் ஒரு வரி எழுதியதும் அதுவும் தீர்ந்தது. உர்ர்ரென்று ஓர் இரைச்சல் மட்டும் மிச்சம். தந்தியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் ஏறும். கம்ப்யூட்டர் பெட்டியில் முழங்கை பட்டால் சுருக்கென்று இழுக்கும். இணையத்தில் லினக்ஸ்காரர்களிடம் கேட்டேன். எந்த ஊர்க்காரரோ, ஒரே வரியில் பதில் போட்டார்: இது லினக்ஸின் தப்பில்லை, உன் வீட்டில் எர்த் இருக்கிறதா பார்.

மெயினை அணைத்துவிட்டுச் சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒரு ஒயரும் இல்லை. வீட்டுக்கார பாயிடம் போய்க் கேட்டேன்.

"இத்தினி வருசத்துல யாரும் கேட்டதில்லம்மா. லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. வேற இன்னா பேஜாரு?" என்றார்.

எர்த் இல்லாத வீட்டில் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூன்றாவது ஓட்டையிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பின்சுவரில் போகும் இரும்புத் தண்ணீர்ப் பைப்பில் இறுக்கிச் சுற்றினேன். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. ஓர் எலெக்ட்ரீஷியனைக்கூடக் கூப்பிடாமல் சாதித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று மாலையே இரண்டு பாட்டுப் பதிவு செய்தேன்.

எங்கள் வரிசையில் நான்கு குடித்தனம், நான்குக்கும் அந்த ஒரே பைப்பு. பக்கத்துப் போர்ஷன் பெண்ணுக்கு அப்போது எட்டாம் மாதம். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள், வயிறு பெரிதானதும் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு நான்தான் துணை, எனக்கு அவள். மறுநாள் குடத்தோடு வந்து ஜன்னலில் நின்று சிரித்தாள்.

"டீச்சரக்கா, பைப்பு கடிக்குதுக்கா."

"இன்னாடி கடிக்குது, அது இன்னா நாயா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. போன கோடையில்தான், உப்புத் தண்ணீரில் அரித்துப்போன பைப்பை பாய் மாற்றியிருந்தார். மண்ணுக்குள் போகிற பாகம் முழுக்கப் பிளாஸ்டிக். மேலே டேங்குக்கு ஏறுவதும் பிளாஸ்டிக். நடுவில் சுவரோடு குழாய்வரை மட்டும் பழைய இரும்பு. அப்படியென்றால் என் ஒயர் பூமிக்குப் போகவே இல்லை. கம்ப்யூட்டரில் கசிகிற கரண்டெல்லாம் குழாயில் வந்து நிற்கிறது.

அன்றைக்கே அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்க்கவில்லை. இன்னும் மூன்று பாட்டு பாக்கி இருந்தது. சின்னச் சுருக்குதானே, கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். குழாயடியில் யாரும் இல்லையென்றால்தான் சுவிட்சைப் போடுவேன். குடம் வைக்கிற சத்தம் கேட்டால் பட்டென்று அணைப்பேன். மறுபடி போட்டால், என்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்று லினக்ஸ் முறையிட்டுக்கொண்டு டிஸ்கு முழுவதையும் சோதிக்கும். ஒரு கண் ஜன்னலிலேயே இருந்ததால் ஒரு பாட்டும் தாளத்தில் நிற்கவில்லை. கணவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவிழ்க்கச் சொல்வார். அந்தப் பயம் வேறு.

சனிக்கிழமை பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, அதனால் நிம்மதியாகத்தான் இருந்தேன். பக்கத்துப் போர்ஷன் பெண் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். வீட்டுக்குள் என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட, பெட்டியைக் கம்ப்யூட்டர் போர்டிலேயே சொருகினார். பழைய பெட்டி. உள்ளே ஒயர் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது, பிடிப்பது கைப்பிடியைத்தானே. அந்தக் கரண்டு முழுக்க மூன்றாவது ஓட்டை வழியாகப் பச்சை ஒயரில் ஏறிப் பைப்புக்குப் போனது.

அவள் குழாயைத் திருகினாள். கை திரும்ப வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. ஐயோ, அந்தப் பார்வை! நான் அவளைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினேன். "இன்னா? இன்னா ஆச்சு?" என்று கணவர் கத்த, பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். வெளியே குடம் உருளும் சத்தம் கேட்டது. திரும்ப ஓடி வந்தபோது சேற்றில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் வயிற்றில்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிறவரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அசையலக்கா. காலையில உதைச்சுதுக்கா, இப்ப அசையலக்கா." எனக்கு ஜெபம்கூட வரவில்லை. அவளைப் பிடித்திருந்தது நானா, என்னைப் பிடித்திருந்தது அவளா என்றே தெரியவில்லை. நான் கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் ஒரு கருவியை அவள் வயிற்றில் வைத்து நகர்த்தினார். கரகரவென்று இரைச்சல். வேறு இடத்தில் வைத்தார். அதே இரைச்சல். மூன்று வாரமாக இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அப்படி ஓர் இரைச்சலை என் ஜென்மத்தில் கேட்டதில்லை. மறுபடி கீழே இறக்கினார். குடுகுடுவென்று ஓடுகிற மாதிரி ஒரு துடிப்பு கேட்டது. "நல்லா இருக்குது, அழாதீங்க" என்றார் நர்ஸ். அவர் சொன்னது என்னை.

கொஞ்ச நேரத்தில் பாய் ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வை. "தண்ணி மோட்டர்ல கரண்டு லீக்கு இருக்கும்மா. என் தப்புதான், நான் பாக்கல" என்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியே இருந்துவிட்டால் போதும், எல்லாம் மோட்டார் தலையில் போய்விடும். இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் டாக்டரைப் பார்க்கப் போனார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எங்கிட்ட வராம உள்ள ஓடினீங்களே, விட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன். கரண்டு அங்கேந்துதான் வருதுன்னு உங்களுக்கு எப்டிக்கா தெரிஞ்சுது?"

அந்த முகத்தைப் பார்த்து என்னால் மோட்டார் என்று சொல்ல முடியவில்லை.

"ஒயரு என்னுதும்மா. நான்தான் பைப்புல கட்டினேன். கடிக்குதுன்னு நீ சொன்னியே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கையை மெதுவாக உருவி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறமும் நாலு நாளு என்னை அதுல தண்ணி புடிக்க வுட்டீங்களா, டீச்சர்?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.