வாலிலிருந்து படிக்கும் வெண்மதி

வெண்மதி எந்த ஆய்வுக் கட்டுரையையும் வாலிலிருந்துதான் பிடிப்பாள். மடிக்கணினியில் திறந்ததும் விரல் சர்ரென்று கீழே இறங்கி, மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன கோளாறு வந்தது என்ற அட்டவணையில் போய் நிற்கும். “நல்லதெல்லாம் தலைப்புலியே சொல்லிடுவாங்க. கெட்டது கடைசில பொடி எழுத்துல ஒண்டிக்கினு இருக்கும்” என்பாள்.

பி.பார்ம். படித்தவள். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக, செஞ்சியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி உலகத்து மருத்துவ இதழ்களில் பக்கவிளைவுகளைத் தேடிப் பிடிப்பது வேலை. ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரியும். அவள் திரும்பிப் பார்த்து யாரும் கண்டதில்லை. மனிதர்களிடமும் முகத்தைப் பார்க்கும் முன்னே கால் வீக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்து இலையில் உட்காரச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஜன்னலுக்குக் கீழே, எதிர்ச் சாரியில் பாவாடை அண்ணனின் டீக்கடை. தலைக்கு மேலே தூக்கி ஆற்றினாலும் ஒரு சொட்டு சிந்தாத கை அவருடையது. அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது. டம்ளரில் பாதி, தரையில் பாதி. பீடிகூடத் தொடாத மனுஷனை, “காலையிலியே ஏத்திக்கினியா?” என்று கேலி செய்தார்கள். கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்று மனைவி விருத்தாம்பாளிடம் சொல்லியும் விட்டார்.

வெண்மதி கேட்டது ஒன்றுதான். “இன்னா மாத்திரை சாப்புடுறண்ணா?”

“கேஸ் மாத்திரைம்மா. அது இன்னா பண்ணப்போவுது.”

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையின் கிழிந்த துண்டு வந்தது. டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுத்தது. நம்மூர் வழக்கப்படி அந்தத் துண்டையே மருந்துக்கடையில் நீட்டி நீட்டி வருஷக்கணக்கில் வாங்கி விழுங்கியிருக்கிறார்.

தேட உட்கார்ந்தாள். முதலில் கிடைத்ததெல்லாம் மருந்தின் புகழ். கடைசியில் ஒரு கட்டுரையில், எந்த ஊரோ தெரியாத ஒரு பெரியவர் அகப்பட்டார். பேர் இல்லை, வயது மட்டும். இதே மருந்து, இதே நடுக்கம். நிறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது என்று ஒரு மருத்துவர் பொறுப்பாக எழுதி வைத்திருந்தார். பின்னாலேயே இன்னும் சிலர். முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைத்து வெண்மதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நானா நிறுத்தச் சொல்ல மாட்டேன். டாக்டராண்ட காட்டுண்ணா” என்று பெரியவர் கதையையும் சொல்லி, அந்தக் கட்டுரையை அச்சடித்துக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, “இதை இன்னுமா சாப்புடுறீங்க?” என்று தலையில் கைவைத்தார், மாத்திரையை நிறுத்தினார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கடையில் விருத்தாம்பாள்தான் ஆற்றினாள். வெண்மதி ஜன்னல் பக்கம் திரும்ப ஆரம்பித்தது அப்போதுதான். அதுவும் கோட்டையைப் பார்க்க அல்ல.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பாவாடை மாடியேறி வந்தார். இரண்டு கையிலும் டீ, விளிம்பு வரை.

“உன்னாலதாம்மா கடை பொழைச்சுது.”

“என்னால இன்னா இருக்குது? அந்தப் பெரியவருக்குச் சொல்லு. அவரு நடுங்குனாரு, நீ தப்பிச்ச.”

“அதான் அவருக்கும் ஒண்ணு போட்டாந்தேன்.”

வெண்மதி உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கன்னத்தில் கைவைத்து, ஆடாமல் நின்ற அந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சுடுதும்மா, வாங்கிக்க.”

“இன்னும் கொஞ்சம் புடிச்சிக்கினு இருண்ணா” என்றாள்.