மீல்மேக்கர் அமெரிக்கா

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் புதுக்கடை திறந்திருக்கிறார்கள். போர்டில் ‘அமெரிக்கன் சிக்கன்’ என்று எழுதி, வாளி நிறைய வறுத்த கோழிக்கால் படம் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. பசி வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோழியை ஒன்றும் சொல்லவில்லை, அது பாவம். கோபமெல்லாம் அந்த மாடிமேல்தான்.

ஒரு காலத்தில் அந்த மாடி ஷமீம் அக்காவின் தையல் கடை. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிது. அதே பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவர் மெர்சி டீச்சர். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போய், மூவரும் பேச்சில் ஒட்டிக்கொண்டோம். டீச்சரின் தங்கை அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு தடிமனான சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். எந்த மாநிலத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே எதைச் சமைத்தார்கள் என்று பாடம் பாடமாக இருக்கும். டீச்சர் அதை வாசித்துத் தமிழில் சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மாடியிலேயே அதைச் சமைப்போம். எந்தப் பாடத்தையும் தாண்டக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். “பிடிச்ச பாடத்த மட்டும் படிச்சா அது படிப்பா?” என்பார்.

வீட்டுக்கார அம்மாவும் ஒரு சட்டம் போட்டிருந்தார். மாடியில் கவுச்சி கூடாது. அதனால் எங்கள் அமெரிக்காவில் கறியே கிடையாது. ஆடு, மாடு, வான்கோழி என்று புத்தகம் எதைச் சொன்னாலும் மீல்மேக்கரைத்தான் ஊறப்போட்டுப் பிழிந்தோம். மெக்சிகோக்காரர்களின் சோள ரொட்டிக்குள்ளும் மீல்மேக்கர், இத்தாலிக்காரர்கள் தக்காளிச் சாற்றில் போட்ட உருண்டையும் மீல்மேக்கர். ஓவனுக்கு எங்கே போவது? குக்கரில் மணலைக் கொட்டிச் சூடாக்கி அதற்குள் கிண்ணத்தை வைத்தோம். தென்பகுதி மாநிலங்களில் ரோட்டோரம் வேகவைத்த வேர்க்கடலை விற்பார்கள் என்று டீச்சர் படித்த அன்றைக்கு, ஷமீம் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “இதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் அமெரிக்கா போவணும்? வல்லம் பஸ்ல ஏறுனா போதுமே.”

அந்தப் பாடத்தின் பின்பாதியில்தான் வினை காத்திருந்தது. அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட கறுப்பின மக்களின் சாப்பாட்டைப் பற்றிய பகுதி அது. பன்றி அறுத்தால் நல்ல கறியெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போகும், குடல் இவர்களுக்கு. அதை அலசி அலசிக் கழுவி, பொறுமையாக வேகவைத்து, ருசியாக்கிச் சாப்பிட்டார்கள். பின்னால் அதுவே அவர்களுக்குப் பண்டிகைச் சாப்பாடானது. டீச்சர் முகத்தைச் சுளித்தார்.

“சே, இது வேணாம்பா. தாண்டிடலாம். குடலெல்லாம் யாரு சாப்டுவாங்க?”

“நாங்க சாப்டுவோம் டீச்சர்,” என்றேன்.

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். தையல் கடையில் அது எப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கும், அன்றைக்குப் பார்த்து விழவில்லை.

என் நைனா கூலி வேலைக்குப் போனவர். கறி எடுக்க முடியாத வாரங்களில் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் குடல் வாங்கி வருவார். அம்மா அதை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைப்பாள். நாங்கள் அடுப்பை விட்டு நகர மாட்டோம். எங்கள் வீட்டுச் சாப்பாடு எந்தப் புத்தகத்திலும் வந்து நான் பார்த்ததில்லை. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு புத்தகத்தில் வந்திருக்கிறது, அதையும் தாண்டச் சொன்னால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் இன்னும் சத்தமாகப் பேசினேன். “சட்டம் நீங்க போட்டது. நீங்களே தாண்டலாமா?”

டீச்சரின் முகம் வாடிவிட்டது. “தெரியாம சொல்லிட்டேம்மா. உங்க வீட்ல செய், நானே வந்து சாப்டுறேன்.”

“இன்னாத்துக்கு அவ வூட்ல ஒளிஞ்சி செய்யணும்?” என்றார் ஷமீம் அக்கா. “மத்ததெல்லாம் இங்கதான செஞ்சோம். இதுவும் இங்கதான். பன்னிய மட்டும் உட்டுடுங்க, ஆட்டுக்குடல் நான் வாங்கியாறேன்.”

“அக்கா, கட போயிடும்க்கா.”

“என் கட. நான் பாத்துக்கறேன்.”

கணவர் இறந்த பிறகு அவருக்கும் அவர் மகளுக்கும் சோறு போட்டது அந்தக் கடைதான். வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கிற ஆளா அவர்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஜன்னலைக்கூடச் சாத்தவிடவில்லை. மெஷின் எண்ணெய் வாசனையை அமுக்கிக்கொண்டு குடல் குழம்பு மணத்தது. எதிரே தெரிந்த கோட்டை மலை வரைக்கும் போயிருக்கும். வீட்டுக்கார அம்மா படியேறி வந்து வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன இது?”

“குடல் கொழம்புங்கம்மா,” என்றார் ஷமீம் அக்கா, தட்டை மறைக்காமல். “உக்காருங்க, சாப்டலாம்.”

“மாசக் கடைசில காலி பண்ணிடு.”

“சரிங்கம்மா.”

அவர் இறங்கிப் போனதும் மெர்சி டீச்சர் தட்டை என் பக்கம் நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடு” என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் அப்புறம் சாப்பிட்டதே இல்லை.

ஷமீம் அக்கா மகளோடு திருவண்ணாமலைக்குப் போய் அங்கே கடை வைத்தார். டீச்சர் ரிட்டயராகித் தங்கையிடமே போய்விட்டார், புத்தகமும் கூடவே போனது. வீட்டுக்கார அம்மாவும் இப்போது இல்லை. அவர் மகன்தான் மாடியைக் கோழிக்கடைக்கு விட்டிருக்கிறான். அவனுக்குக் கவுச்சி நாறவில்லை போலிருக்கிறது.

மேலே ஏறிப் பார்த்தேன். துணி வெட்டும் மேசை இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி. ஜன்னலை அடைத்து ஏசி மாட்டியிருக்கிறார்கள், மலை தெரியவில்லை. அங்கேயே நின்று ஷமீம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நம்ம மாடில அமெரிக்கா கட வந்துருக்குதுக்கா.”

“அப்டியா? குடல் இருக்குதா கேளு.”

கேட்டேன். கல்லாவில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார், அன்றைய மெர்சி டீச்சர் மாதிரியே. “அதெல்லாம் இங்க கெடையாதும்மா.”

“இல்லியாம்க்கா.”

“அப்ப அவங்க இன்னும் அந்தப் பாடத்துக்கு வரலடி. நீ எறங்கி வந்துடு.”

இறங்கி நேராகக் கறிக்கடைக்குப் போனேன். கூட உட்கார்ந்து சாப்பிட இப்போது டீச்சரும் இல்லை, அக்காவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைத்தேன்.